நின்ற நீரும் இறங்கிய நீரும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



நிலத்தடி நீர் எவ்வாறு பெருகுகிறது, அதனைப் பெருக்க நாம் செய்யக்கூடியவை யாவை என்பது பற்றிச் சில கருத்துக்களை எடுத்துரைக்குமாறு இம்முகாமின் அமைப்பாளர்கள் பணித்துள்ளார்கள். கிணறு வெட்டியும், ஏரி மதகைத் திறந்தும் அடைத்தும், வானத்தைப் பார்த்து விதைத்தும் வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நீரைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதுதான். எனினும், நாம் பணியாற்றிய இடங்களில் கண்டவற்றையும், அங்கு செய்த பிழைகளையும் எடுத்துச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் சில வார்த்தைகள் கூறுகிறோம்.

முதலில் உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறோம். ஓர் ஊரில் இரண்டு குட்டைகள் வெட்டப்பட்டன. இரண்டும் நிலத்தடி நீரைப் பெருக்குவதற்காக வெட்டப்பட்டவை. ஒன்றில் ஐப்பசியில் நிறைந்த நீர் சித்திரை வரையில் நின்றது. மற்றொன்று மார்கழி பாதியிலேயே வற்றிவிட்டது. இவற்றுள் எது நல்ல குட்டை? விடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

மழை எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 920 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களிலும் மழை நாள்தோறும் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே நமக்குக் கிடைக்கும் நீர் முழுவதும் சில நாட்களில் வந்து, சில நாட்களில் ஓடிவிடும் நீரேயாகும்.

பெய்த மழையில் ஒரு பகுதி உடனே ஆவியாகிறது. ஒரு பகுதி ஓடையிலும் ஆற்றிலும் ஓடுகிறது. ஒரு பகுதி மேல்மண்ணை நனைத்து, பயிர்களாலும் மரங்களாலும் உறிஞ்சப்பட்டு மீண்டும் காற்றில் கலக்கிறது. இவை போக எஞ்சியதே வேர் எட்டாத ஆழத்திற்கு மெல்ல மெல்ல இறங்கி நிலத்தடி நீரோடு சேர்கிறது. மனிதர் கை படாமல் நடைபெறும் இதனையே இயற்கையான நீர்ச் செறிவு என்கிறோம்.

இந்த எஞ்சிய பகுதி எவ்வளவு? இதனை அறிய நம் நாட்டில் பல ஆய்வுகள் நடந்துள்ளன. ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், பருவமழைக்கு முன்பு, வேர் எட்டாத ஆழத்தில், மண்ணின் ஈரத்தில் ட்ரிட்டியம் என்னும் பொருளைச் சிறிதளவு கலந்து வைத்தார்கள். மழைக்காலம் முடிந்தபின் அங்கே மண்ணைத் தோண்டி எடுத்து, அந்த அடையாளம் எவ்வளவு கீழே நகர்ந்திருக்கிறது என்று கண்டு, அதிலிருந்து இறங்கிய நீரைக் கணக்கிட்டார்கள். நமது நொய்யல் ஆற்றுப் படுகையிலும் இம்முறை கையாளப்பட்டது.

நாடு முழுமைக்கும் பொதுவான கணக்கு முறையை வகுக்க 1984ஆம் ஆண்டிலும், பின்னர் 1997ஆம் ஆண்டிலும் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுக்கள் தம் பரிந்துரைகளை அளித்தன. 2015ஆம் ஆண்டில் அம்முறை மேலும் திருத்தப்பட்டது. 1997ஆம் ஆண்டுக் குழு தந்த அளவுகளைக் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையின் வண்டல் நிலத்தில் 100 பங்கு மழை பெய்தால் 16 பங்கு கீழே இறங்குவதாகக் கொள்ளலாம். களிமண் குறைந்த, சிதைந்த கருங்கல் நிலத்தில் 11 பங்கு. களிமண் மிகுந்திருந்தால் 8 பங்கு. சார்னோக்கைட் என்னும் கரும்பாறை நிலத்தில் 5 பங்கு. வெடிப்பு குறைந்த முழுப்பாறையில் 1 பங்கு மட்டுமே. நூற்றில் பத்து என்ற அளவே நமது ஊர்களில் பலவற்றிற்குப் பொருந்தும் என்பதை மறவாதீர்கள்.

பாறை நாட்டின் நிலத்தடி

நமது மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை நிலமாகும். இங்கே நிலத்தின் அடியில் ஆறு ஓடுகிறது, கடல் இருக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. மேலே சில அடி மண். அதன் கீழே நாள்பட்ட மழையினாலும் வெயிலினாலும் சிதைந்து உதிரும் பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. சிதைந்த பாறையின் இடுக்குகளில் நீர் தங்குகிறது. நமது திறந்த கிணறுகளுக்கு நீர் தருவது இந்த அடுக்கே. கெட்டிப் பாறையில் வெடிப்புகள் உள்ள இடத்தில் மட்டுமே நீர் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் அந்த வெடிப்புகளைத் தேடிச் செல்கின்றன. வெடிப்பு அகப்பட்டால் நீர்; இல்லையேல் புழுதி. வெடிப்பில் அகப்படும் நீரும் பெரும்பாலும் மேலடுக்கிலிருந்து இறங்கியதேயாகும். மேலடுக்கு வறண்டால் வெடிப்பும் நாளடைவில் வறண்டுவிடும்.

சிதைந்த பாறை எவ்வளவு நீரைத் தரும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கன மீட்டர் மணல் நிலம் நீர் நிறைந்திருந்தால், அதிலிருந்து ஏறத்தாழ 160 லிட்டர் நீரை எடுக்கலாம். அதே அளவு சிதைந்த கருங்கல்லில் கிடைப்பது ஏறத்தாழ 30 லிட்டரே. களிமண் கலந்திருந்தால் அதிலும் பாதிதான். பாறை நாட்டுக் கிணற்றில் நீர்மட்டம் ஒரு மழைக்கு விரைவாக ஏறுவதும், மோட்டார் ஓடத் தொடங்கியதும் விரைவாக இறங்குவதும் இதனால்தான். பானை சிறியது, விரைவில் நிரம்பும், விரைவில் காலியாகும்.

செயற்கைச் செறிவு என்பது என்ன?

ஓடிப்போகும் நீரை நிறுத்தி, அதற்குக் கீழே இறங்க அவகாசம் கொடுப்பதே செயற்கைச் செறிவு. ஓடையின் குறுக்கே தடுப்பணை, மேட்டு நிலத்தில் கசிவுநீர்க் குட்டை, வயலில் வரப்பை உயர்த்துதல், சரிவுக்குக் குறுக்கே அகழி வெட்டுதல், கூரைநீரைக் குழியில் விடுதல், பயன்படாத கிணற்றில் வடிகட்டிய மழைநீரைச் சேர்த்தல் ஆகிய யாவும் இதன் வகைகளே. பெயர் புதிதாயினும் செயல் பழையது. நம் முன்னோர் வெட்டிய ஏரிகளும் தாங்கல்களும் ஏந்தல்களும் ஆயக்கட்டுக்குப் பாய்ந்ததோடு நில்லாமல், சுற்றிலும் இருந்த கிணறுகளையும் ஊறவைத்தன. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும் என்பதை யாவரும் அறிவர். 2003ஆம் ஆண்டில் மாநில அரசு எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும், 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிப் பராமரிப்புப் பணிகளைத் தொடங்கியதும் இவ்வழியில் எடுத்த முயற்சிகளேயாகும்.

ஆனால், நீரை நிறுத்தினால் மட்டும் போதும், அது தானே இறங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நாம் அவ்வாறு எண்ணிச் செய்த பிழையை இப்போது சொல்கிறோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு யூனியனில், ஒரே பஞ்சாயத்தில் இரண்டு கசிவுநீர்க் குட்டைகள் வெட்டப்பட்டன. முதற்குட்டைக்கு இடம் தேர்ந்தெடுத்த விதத்தை மறைக்காமல் கூறுகிறோம். அது புறம்போக்கு நிலம், எவரும் ஆட்சேபிக்கவில்லை, வண்டி போக வழி இருந்தது. இம்மூன்று காரணங்களைத் தவிர நான்காவது காரணம் எதுவும் இல்லை. மண் எத்தகையது என்று ஒரு குழி வெட்டியேனும் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அவ்விடம் கெட்டியான களிமண். மழை பெய்தது, குட்டை நிறைந்தது, தைப் பொங்கலன்று அதில் மாடுகளைக் குளிப்பாட்டினார்கள். சித்திரை வரையில் நீர் நின்றது. ஊரார் மகிழ்ந்தார்கள். நாமும் மகிழ்ந்து, நிலத்தடி நீர் செறிவூட்டப்பட்டது என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம்.

இரண்டாவது குட்டை ஊருக்கு மேற்கே, சரளையும் மணலும் கலந்த ஓர் ஓடைக்கரையில் அமைந்தது. அதுவும் அதே மழையில் நிறைந்தது. ஆனால் நாற்பது நாட்களில் வற்றிவிட்டது. மாடு மேய்ப்பவர்கள் குறை கூறினார்கள். பணம் பாழாயிற்று என்று பேச்சு எழுந்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில், குட்டையின் தரையில் களிமண் பரப்பி நீர் கசியாதபடி செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறி நமது அலுவலகத்திற்கு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கு அனுமதி வழங்கும் குறிப்பை எழுதவும் தொடங்கிவிட்டோம்.

அந்தச் சமயத்தில், கிணறு தோண்டும் தொழிலில் முதிர்ந்த ஒரு பெரியவர் வேறு காரியமாக அலுவலகத்திற்கு வந்தார். செய்தியைக் கேட்டதும், "ஐயா, மேலே இல்லாத தண்ணீர் எங்கே போயிற்று என்று யாராவது கிணற்றை எட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. குறிப்பை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் அந்த ஊருக்குச் சென்றோம்.

கிணற்று உரிமையாளர்களிடம் விசாரித்தபோது, மேற்குக் குட்டைக்குக் கீழ்ப்புறமுள்ள நான்கு கிணறுகளில் அவ்வாண்டு நீர் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். முதற்குட்டையின் அருகிலிருந்த கிணறுகளில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இதனைக் கணக்கில் கொண்டு எழுத இயலவில்லை. ஏன் தெரியுமா? குட்டை வெட்டுவதற்கு முன் அக்கிணறுகளின் மட்டத்தை எவரும் அளந்து குறித்து வைக்கவில்லை. நல்ல மழையினால் ஏறியதா, குட்டையினால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இடத்தை ஆராயாதது நமது முதற்பிழை. முன் அளவை எடுக்காதது இரண்டாவது பிழை.

அளந்து பார்த்தோம்

தீர்மானத்தை ஓராண்டு நிறுத்தி வைக்குமாறு பஞ்சாயத்தைக் கேட்டுக்கொண்டோம். அடுத்த பருவத்தில் இரண்டு குட்டைகளிலும் அடிக்கணக்குப் போட்ட ஒரு கம்பத்தை நட்டோம். பள்ளி மாணவர்கள் இருவர் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மட்டத்தைக் குறித்தார்கள். மழை பெய்யாத, நீர் வரத்தும் இல்லாத நாட்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

இம்முறையின் காரணம் எளியது. நமது சமவெளிகளில் மழைக்காலத்தையொட்டிய மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. கோடையில் இதைவிட அதிகம். ஆகவே குட்டையின் மட்டம் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் குறைந்தால், அந்த நீர் பெரும்பாலும் வானத்திற்குப் போயிற்று என்று பொருள். 30 மில்லிமீட்டர் குறைந்தால், 6 வானத்திற்கும் 24 நிலத்திற்கும் போயின என்று பொருள்.

முதற்குட்டையில் மட்டம் குறைந்தது நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர். மேற்குக் குட்டையில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். நாம் பாராட்டிய குட்டை தன் நீரை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாம் பழித்த குட்டை ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அளவையும் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். சராசரி நீர்ப்பரப்பு ஒரு ஹெக்டேராக உள்ள குட்டையில் நாளொன்றுக்கு 24 மில்லிமீட்டர் இறங்கினால் 240 கன மீட்டர். நாற்பது நாட்களில் 9,600 கன மீட்டர். இரண்டாயிரம் மக்கள் உள்ள ஊரில் ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 110 கன மீட்டர் குடிநீர் வேண்டும். அக்கணக்குப்படி, ஒருமுறை நிறைந்து வற்றிய குட்டை, ஊருக்கு ஏறத்தாழ 87 நாட்களுக்கு வேண்டிய நீரை நிலத்தினுள் செலுத்திவிட்டது. அவ்வளவையும் திரும்ப எடுத்துவிட முடியாது; ஒரு பகுதி கீழ்நோக்கிப் பரவிச் சென்றுவிடும். எனினும் வற்றியது வீணாகவில்லை என்பது விளங்கும்.

கிணறுகளையும் அளந்தோம். குட்டைக்குக் கீழ்ப்புறம் நான்கு கிணறுகள். குட்டையின் நீர் எட்ட முடியாத தொலைவில், அதே மண்ணில், வேறு நான்கு கிணறுகள். இரண்டிற்கும் மழை ஒன்றே. தொலைவிலிருந்த கிணறுகள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏறின. அருகிலிருந்தவை மூன்று மீட்டர் ஏறின. இந்த வேற்றுமையே குட்டையின் பயன். இக்கணக்கைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் படித்தோம். களிமண் பரப்பும் தீர்மானம் கைவிடப்பட்டது. மாடு மேய்ப்பவர்களின் குறையும் நியாயமானதே அல்லவா? குட்டையின் ஓரத்தில் களிமண் பூசிய சிறிய நீர்த்தொட்டி ஒன்று அவர்களுக்காகத் தனியே அமைக்கப்பட்டது.

ஆகவே நாம் முதலில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மாடு குடிக்கவும் மதகு வழியே பாயவும் வேண்டுமானால் நீர் நிற்கும் குளமே நல்லது. கிணறு ஊற வேண்டுமானால் விரைவில் வற்றும் குட்டையே நல்லது. எதற்காக வெட்டுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு இடம் தேட வேண்டும். இடத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, நீர் நிரப்பி ஊறவிட்டு, மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். மட்டம் அசையாதிருந்தால் அங்கே கசிவுநீர்க் குட்டை வேண்டாம். நல்ல இடத்திலும் ஆண்டுக்கு ஆண்டு வண்டல் படிந்து தரையை அடைத்துவிடும். ஆதலால் கோடையில் அதனை வழித்தெடுப்பது அவசியம். வழித்த வண்டல் வயலுக்கு உரமாகும்.

பின்னர் நடந்தது

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். அந்தக் கணக்கைக் கேட்ட பின்னர், மேற்குக் குட்டையைச் சுற்றி இரண்டே ஆண்டுகளில் ஐந்து புதிய ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. நீர் ஏறியிருக்கிறது என்ற தைரியத்தில் நிலக்கடலை போட்ட வயல்களில் நெல்லும் கரும்பும் நடப்பட்டன. மூன்றாம் ஆண்டு கோடையில் அந்த நான்கு கிணறுகளும் பழைய மட்டத்திற்கே இறங்கின. பஞ்சாயத்தின் குடிநீர்க் கிணறும் அவற்றோடு இறங்கியது. குடத்தோடு வரிசையில் நின்ற தாய்மார்களிடம், குட்டை சரியாகவே வேலை செய்கிறது என்று நாம் எவ்வாறு சொல்வது?

செறிவு என்பது வரவு. இறைப்பது செலவு. வரவைப் பெருக்கும் பேச்சில் செலவைப் பற்றிப் பேசாமல் விட்டது நமது மூன்றாவது பிழை.

ஊரின் கணக்கு

இதோ ஓர் ஊரின் கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். ஊரின் பரப்பு 500 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,235 ஏக்கர். அவ்வாண்டு மழை 800 மில்லிமீட்டர். ஊரின் மேல் விழுந்த நீர் 40 லட்சம் கன மீட்டர். கேட்கவே பெருமையாக இருக்கிறது. மழைக்குப் பின் கிணறுகளின் மட்டம் சராசரியாக 2 மீட்டர் ஏறியதாகக் கொள்வோம். நிலம் சிதைந்த கருங்கல். நூற்றுக்கு 3 பங்கு நீர் தருவது. பரப்பை ஏற்றத்தாலும், அதனை நூற்றில் மூன்றாலும் பெருக்கினால் 3 லட்சம் கன மீட்டர். 40 லட்சத்தில் நம் கைக்கு எட்டிய சேமிப்பு இவ்வளவே.

இதில் 2,000 மக்களின் ஓராண்டுக் குடிநீருக்கு ஏறத்தாழ 40,000 கன மீட்டரை முதலில் எடுத்து வைப்போம். எஞ்சியது 2,60,000. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் ஆழ நீர் வேண்டுமென்றால் அது 4,850 கன மீட்டராகும். கிணற்று நீரை மட்டுமே நம்பினால் 53 ஏக்கர் நெல் பயிரிடலாம். நிலக்கடலைக்கு 500 மில்லிமீட்டர் போதுமென்று கொண்டால் 128 ஏக்கர் பயிரிடலாம். வயலில் விட்ட நீரில் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்கும் என்பது உண்மை. அதனைச் சேர்த்துக்கொண்டாலும் 1,235 ஏக்கரும் கிணற்று நீரால் நெல் விளையும் என்று எவரும் சொல்ல முடியாது. இந்தக் கணக்கைத் தைமாதத்தில் போட்டால் பயிரை மாற்றலாம். சித்திரையில் போட்டால் லாரித் தண்ணீருக்கு மனு எழுதத்தான் நேரமிருக்கும்.

மேல் ஊரும் கீழ் ஊரும்

இன்னொரு செய்தியையும் நீங்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். செயற்கைச் செறிவு நீரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் போகவிருந்த நீரை மற்றோரிடத்தில் இறக்குகிறது, அவ்வளவே. கடலுக்கு வீணே போகும் வெள்ளமாயின் அதனை நிறுத்துவது யாவருக்கும் நன்மை. ஆனால் மேல் ஊர் ஓடையில் ஐந்து தடுப்பணைகள் எழுந்தால், மழை குறைந்த ஆண்டில் கீழ் ஊர் ஏரியின் வரத்துக்கால்வாய் வறண்டு கிடக்கும். மேல் ஊருக்குச் செறிவு, கீழ் ஊருக்கு வழக்கு என்ற நிலைமை விரும்பத்தக்கதன்று. ஆதலால் ஓர் ஓடையில் வேலை தொடங்குமுன், அதே ஓடையை நம்பிய எல்லாப் பஞ்சாயத்துக்களும் ஒன்றாகக் கூடிப் பேசுவது முறையாகும். பஞ்சாயத்தின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. நீருக்கு அந்த எல்லை தெரியாது.

நீரை மிஞ்சி எடுத்தால் நேரும் விளைவைக் கடற்கரை ஊர்கள் நன்கு அறியும். சென்னைக்கு வடக்கே, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் மீஞ்சூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் நன்னீர் வளம் மிகுந்திருந்தது. நகரின் தேவைக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்திற்கும் பல ஆண்டுகள் இடைவிடாமல் இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, கடல்நீர் உட்புகுந்தது. கிணறுகள் உப்பாயின. பாறை நாட்டில் கிணறு வறண்டால் அடுத்த நல்ல மழையில் மீளலாம். உப்பேறிய நிலத்தடியோ எளிதில் மீள்வதில்லை.

தூய்மை

நிலத்தினுள் நீரைச் செலுத்தும் ஆர்வத்தில் அழுக்கையும் செலுத்திவிடக் கூடாது. குட்டையின் வழியே மெல்ல இறங்கும் நீரை மண் ஓரளவு வடிகட்டுகிறது. கிணற்றிலோ ஆழ்துளையிலோ நேராக விடும் நீருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கூழாங்கல், சரளை, மணல் ஆகியவற்றை அடுக்கிய வடிகட்டும் தொட்டி இல்லாமல் எந்தக் கிணற்றிலும் மழைநீரை விட வேண்டாம். தெருச் சாக்கடை, எருக்குழி, உரமும் மருந்தும் தெளித்த வயலின் வடிகால் ஆகியவற்றின் நீரை எக்காரணத்தைக் கொண்டும் விடலாகாது. முதல் மழையின் கூரைநீரை வெளியே விட்டுவிடுங்கள். குடிநீர்க் கிணற்றின் அருகில் கழிப்பிடக் குழி அமைவதைத் தடுங்கள்.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அத்தகைய கிணற்றில் விழுந்து ஒரு சிறு குழந்தை உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. உங்கள் எல்லைக்குள் திறந்து கிடக்கும் ஒவ்வொரு துளையையும் இந்த வாரமே மூடுங்கள். அதனை நீர்ச் செறிவுக்குப் பயன்படுத்துவது பிறகு. மூடியிட்டுப் பத்திரப்படுத்துவது முதலில்.

செய்ய வேண்டியவை

உங்கள் பஞ்சாயத்தில் செலவு அதிகமின்றித் தொடங்கக்கூடிய காரியங்கள் சிலவற்றைக் கூறி முடிக்கிறோம்.

முதலாவதாக, ஊரின் நான்கு திசைகளிலும் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கைப்பிடிச் சுவரில் ஒரு வண்ணக்கோடு இடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து நீர்மட்டம் வரை, மோட்டார் ஓடாத விடியற்காலையில், மாதம் ஒருமுறை நாடாவினால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசின் நிலத்தடி நீர்ப் பிரிவும் தங்கள் கண்காணிப்புக் கிணறுகளை அளந்து வருகின்றன. ஆனால் அவர்களுடைய கிணறு உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே எழுதுவதுதான் சிறந்தது.

இரண்டாவதாக, ஜனவரி அளவை ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையிலும், கோடைக்கால அளவை மே 1ஆம் நாள் கிராம சபையிலும் உரக்கப் படியுங்கள். முந்தையது நமது சேமிப்பு. பிந்தையது எஞ்சிய இருப்பு. இவ்விரண்டு எண்களையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் யாவரும் காண எழுதி வையுங்கள். பல ஆண்டு எண்கள் அடுத்தடுத்து நின்றால், ஊர் எத்திசையில் போகிறது என்பதை எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவனும் சொல்லிவிடுவான்.

மூன்றாவதாக, புதிய தடுப்பணையோ குட்டையோ கேட்டு மனு எழுதுமுன், குழி சோதனையின் முடிவையும், அருகிலுள்ள கிணறுகளின் மட்டத்தையும் மனுவோடு இணையுங்கள். அவை இல்லாமல் வரும் மனுவைத் திருப்பி அனுப்புவது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். அதற்காக எவரும் மனவருத்தம் கொள்ள வேண்டாம். ஒருமுறை அவை இல்லாமலேயே கையெழுத்திட்டவர்கள் நாம்.

நான்காவதாக, குட்டையின் பயனை அடையும் விவசாயிகள் ஒன்றுகூடி, அதனைச் சுற்றி எத்தனை ஏக்கரில் என்ன பயிர் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இதற்குச் சட்டத்தின் கை நீள வேண்டியதில்லை. ஏரிப்பாசனத்தில் மடைமுறை வைத்து நீரைப் பகிர்ந்துகொண்ட ஊர்கள் நம்முடையவை. கண்ணுக்குத் தெரிந்த நீரைப் பங்கிட்டுக்கொண்ட நாம், கண்ணுக்குத் தெரியாத நீரையும் பங்கிட்டுக்கொள்ளக் கற்க வேண்டும்.

நாம் சொன்ன அந்த ஊரில் இப்போது அவ்வாறு ஒரு முயற்சி தொடங்கியிருக்கிறது. கோடை நெல்லை நிறுத்தலாம் என்று குட்டையைச் சுற்றியுள்ள விவசாயிகளில் பெரும்பாலோர் இசைந்துள்ளனர். இருவர் இன்னும் இசையவில்லை. அவர்கள் வீட்டிற்கு நாமும் பஞ்சாயத்துத் தலைவரும் இருமுறை சென்று பேசினோம்; மூன்றாம் முறையும் செல்வோம். களிமண்ணில் வெட்டிய முதற்குட்டையை, அதற்குரிய பெயராகிய மாட்டுக்குட்டை என்ற பெயராலேயே ஏட்டில் திருத்தி எழுதிவிட்டோம்.

அடுத்த ஐப்பசிக்கு முன் உங்கள் ஊர்க் கிணற்றின் சுவரில் அந்த வண்ணக்கோடு இருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.